ரத்தத்தில் நார்குளோபசாம் (வலிப்பு மருந்தான குளோபசாம் உடைந்து உருவாவது) அளவு பெங்களூரில் எங்கே பார்க்கிறார்கள்?

அக்கா பையன், 11 வயது, 28 கிலோ, லெனாக்ஸ்-காஸ்டோ எனும் கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய். ஜெயநகரில் வீடு. வலிப்பு மருந்துகள்: குளோபசாம் 10 மி.கி., வால்ப்ரோயேட் 300 மி.கி., இரண்டும் தினம் இரு வேளை. ஆறு வாரத்துக்கு முன் நரம்பியல் டாக்டர் சிபிடி (கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத கன்னாபிடியால்) எண்ணெய் சேர்த்தார். மில்லிக்கு 50 மி.கி. முதல் வாரம் வேளைக்கு 1.4 மில்லி, பிறகு 2.8.

திடீரென்று விழுகிற வலிப்பு நாளைக்குப் பன்னிரண்டிலிருந்து ஐந்தாகிவிட்டது. அதனால் எண்ணெயை விட மனசில்லை. ஆனால் அளவு கூட்டிய பத்தாம் நாளிலிருந்து சோற்றுத் தட்டின் மேலேயே தலை சாய்கிறது, சட்டை நனைய எச்சில் வழிகிறது.

கஞ்சா எண்ணெய்தானே, போதைதான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பாட்டிலோடு வந்த ஆய்வு அறிக்கையில் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) கண்டறியும் அளவுக்குக் கீழே. என் சந்தேகம் வேறு: சிபிடி கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் சிஒய்பி2சி19 நொதியைத் தடுப்பதால், குளோபசாம் உடைந்து உருவாகும் நார்குளோபசாம் வெளியேறாமல் ரத்தத்தில் சேரும். தூக்கத்தைக் கொண்டுவருவது அதுதான்.

செய்து பார்த்தவை: டாக்டர் சொல்லி, காலை குளோபசாமை 5 மி.கி. ஆக்கி இரண்டு வாரம். கொஞ்சம்தான் தேவலை. வால்ப்ரோயேட் அளவு, அம்மோனியா, கல்லீரல் நொதிகள் எல்லாம் சரி. கொழுப்புச் சாப்பாட்டோடு சிபிடி பல மடங்கு உறிஞ்சப்படும் என்பதால், இரு வேளையும் ஒரே அளவு நெய்ச்சோற்றுக்குப் பிறகே எண்ணெய்.

மூன்று லேப்பில் கேட்டாயிற்று. குளோபசாம் மட்டும்தான் பார்க்கிறார்களாம். அது நார்மலாகவே இருந்தாலும் நார்குளோபசாம் ஏறியிருக்கலாம், அதனால் பயனில்லை.

பெங்களூரில் நார்குளோபசாமைத் தனியாக அளந்து ரிப்போர்ட் தருகிற லேப் எது?