புதுப்பிப்பு: 32 வாரத்தில் வயிற்று அளவு 28 செ.மீ. என்று கேட்டிருந்தேனே, அது

மூன்று வாரத்துக்கு முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: 32 வாரக் கர்ப்பத்தில் செவிலியர் அக்கா அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை டேப் வைத்து அளந்தபோது 28 செ.மீ.தான் வந்தது, பயப்பட வேண்டுமா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

மறுநாளே ஸ்கேன் எடுத்தோம். 24 வாரத்துக்கு மேல் அந்த அளவு வாரக் கணக்கை ஒட்டியே வரும். ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை, நாலு குறைந்தால் டேப்பை விட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போக வேண்டுமாம். ஸ்கேனில் குழந்தையின் எடை 1.5 கிலோ. அதே வாரத்தில் இருக்கும் 100 குழந்தைகளை வரிசைப்படுத்தினால் கடைசிப் பத்துக்குள் வரும். தலை சரியாக இருந்தது, குழந்தையின் வயிற்றுச் சுற்றளவுதான் குறைவு.

“பிரசவத் தேதி தப்பாக இருக்கும்” என்று சிலர் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன். ஆனால் மூன்றாம் மாத ஸ்கேனில் போட்ட தேதி உறுதியானது, இப்போது மாற்ற முடியாது என்றார் டாக்டர்.

அப்புறம் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் மூச்சே வந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 1.85 கிலோ. சின்னதுதான், ஆனால் வளர்கிறது.

மாமியார் நெய் டப்பாவோடு வந்து இறங்கிவிட்டார். நிறையச் சாப்பிட்டால் மட்டும் இது சரியாகாது, பல நேரம் நஞ்சுக்கொடிதான் காரணம் என்று டாக்டர் சொல்லியும் கேட்பதாக இல்லை. சரி, தோசைக்கு நல்லது.

அசைவு குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். பிபியும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த ஸ்கேன் வெள்ளிக்கிழமை.