செங்கல் சூளைக் குழந்தைகளுக்கு அங்கன்வாடி கேட்பது எப்படி?

ஆரணியாற்றங்கரை:
ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. பெரியபாளையம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஞாயிறுதோறும் போகிறோம். குடும்பங்கள் ஒடிசாவின் பலாங்கீர் பகுதியைச் சேர்ந்தவை. பொங்கலை ஒட்டி வருபவர்கள், மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள். அடுத்தடுத்த மூன்று சூளைகளில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நாற்பதுக்கு மேல் இருக்கிறார்கள். அங்கன்வாடியோ லாரி ஓடும் சாலையைத் தாண்டி, ஊருக்குள் இருக்கிறது. போய்க் கேட்டால், "இந்த ஊர் முகவரியில் ஆதார் இல்லையே" என்கிறார்கள். மழலையர் கல்வி உரிமைக்காகக் கையெழுத்து இயக்கம் நடத்தலாம் என்பது நண்பர்களின் யோசனை. சரியான வழிதானா?

வழக்குக்கட்டு:
கல்வி உரிமை என்று தொடங்கினால் முதல் படியிலேயே வழுக்கும். அரசியல் சாசனத்தின் 21ஏ பிரிவு 6 முதல் 14 வயது வரைதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு "செய்யலாம்" என்கிறதே ஒழிய, "செய்ய வேண்டும்" என்று சொல்லவில்லை. ஆனால் உணவு அப்படியல்ல. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவை உரிமையாக்கியிருக்கிறது. அதற்கும் முன்பே, 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: நாற்பது குழந்தைகளாவது இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கோரிக்கை வைத்தால், மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். உங்கள் மனுவின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

பால்வாடி டீச்சர் (ஓய்வு):
வக்கீல் தம்பி சொல்வது சரி. ஆனால் உத்தரவு நகலை மட்டும் கொண்டுபோய் நீட்டினால் மேசையிலேயே கிடக்கும். நான் எம்.ஜி.ஆர். காலத்தில், 1982-இல் சத்துணவு தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்தவள். அலுவலகத்தில் செல்லுபடியாவது பெயர்ப் பட்டியல்தான். கையெழுத்து இயக்கத்தில் ஊரார் ஆயிரம் பேர் ஒப்பமிட்டாலும் அதில் ஒரு குழந்தையின் வயதுகூட இருக்காது.

குடிசை குடிசையாகப் போய் எழுதுங்கள். குழந்தையின் பெயர், தாயின் பெயர், பிறந்த மாதம், எடை, போட்ட தடுப்பூசி. தாய்மார்களிடம் ஊரில் கொடுத்த தாய்-சேய் அட்டை இருக்கும். துணி மூட்டைக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். இல்லையென்றால், அவர்கள் ஊர் அறுவடைத் திருநாளான நுவாகாய்ப் பண்டிகைக்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள். மாதம் கிடைத்துவிடும். ஒடியா தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள், மேஸ்திரியை மட்டும் வேண்டாம்! அவர் முன்னால் எந்தத் தாயும் வாய் திறக்க மாட்டாள்.

பட்டியலைக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அங்கன்வாடிப் பணியாளரோடு சண்டை வேண்டாம். அவள் ஏற்கெனவே பதிவேட்டிலும் கைப்பேசிச் செயலியிலும் மூழ்கிக் கிடக்கிறாள். மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தால் அவளே சேர்த்துக்கொள்வாள்.

செங்குன்றம்வாசி:
அம்மா, ஒரு சந்தேகம். ஆறு மாதம் தங்கிப் போகிறவர்களுக்கு நிரந்தர மையம் எந்த அதிகாரி தருவார்? மூன்று மாதக் கெடு முடிவதற்குள் பாதிப் பருவம் போய்விடும். அதோடு, சூளையில் கல் அறுப்பு நள்ளிரவிலோ விடியலுக்கு முன்போ தொடங்குகிறது. காலையில் திறக்கும் மையம் அந்த நேரத்துக்கு எப்படி உதவும்? கைக்குழந்தையை எட்டு வயது அக்காதான் இடுப்பில் சுமக்கிறாள். அவளும் பள்ளிக்குப் போவதில்லை.

பால்வாடி டீச்சர் (ஓய்வு):
நல்ல கேள்வி. அதனால்தான் கோரிக்கையை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். ஒன்று, இருக்கிற மையத்திலேயே இப்பருவத்துக்குப் பதிவு. சத்துமாவும் முட்டையும் சூளைக்கே வர வேண்டும். அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. 1969-இல் டெல்லி ராஜ்காட் அருகே, காந்தி நூற்றாண்டுக் கண்காட்சி வேலை நடந்த இடத்தில், மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியதுதான் மொபைல் கிரெஷஸ் என்ற குழந்தைகள் காப்பக அமைப்பு. இரண்டாவது, மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான காப்பகம். அதை முதலாளியிடமும் தொழிலாளர் துறையிடமும் கேட்க வேண்டும். இங்கே ஒரு முடிச்சு உண்டு. காப்பகச் சட்டங்கள் ஆள்கணக்கு பார்த்துத்தான் பேசும்; இத்தனை பேர் வேலை செய்தால்தான் காப்பகம் என்று. சூளையில் முன்பணமும் கூலியும் கணவன் பெயரில், ஜோடிக் கணக்காகப் போவதால் மனைவி பதிவேட்டிலேயே இருக்க மாட்டாள். எனவே உங்கள் பட்டியலில் தாயின் பெயரோடு எந்தச் சூளை, என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதையும் எழுதுங்கள்.

ஆரணியாற்றங்கரை:
கையெழுத்து இயக்கத்தை நிறுத்திவிட்டோம். ஒடியா பேசும் கல்லூரி மாணவி ஒருவர் வரச் சம்மதித்திருக்கிறார். எடை பார்க்க எந்தத் தராசு வாங்குவது, அம்மா?

பால்வாடி டீச்சர் (ஓய்வு):
வாங்காதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் தராசு இருக்கும். அவரையே அழைத்துப் போனால் தடுப்பூசியும் விட்டுப்போகாது, பட்டியலில் அவர் ஒப்பமும் கிடைக்கும்.