புதுப்பிப்பு: 15 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் படலம், ஓட்டை பிரச்சினை

சிலிக்கான் வில்லையில் டொலுயீனில் கரைத்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைச் சுழற்றிப் பூசிய படலத்துக்கு எலிப்சோமீட்டர் (பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத் தடிமன் அளக்கும் கருவி) ஒவ்வொரு முறையும் வேறு தடிமன் காட்டுகிறது, சூடேற்றினால் ஓட்டை விழுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் தனித்தனிக் கோளாறுகள்.

தடிமன் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். இவ்வளவு மெல்லிய படலத்தில் தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் ஒரே நேரத்தில் அளவீட்டோடு பொருத்திக் கணக்கிடவே கூடாது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கி ஈடுகட்டிவிடும். எனக்கு ஒளிவிலகல் எண் 1.72 வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இப்போது அதை 1.59 என்று நிறுத்திவிட்டேன். பூசாத வில்லையை முதலில் அளந்து, அதன் மேலுள்ள 2 நானோமீட்டர் ஆக்சைடையும் கணக்கீட்டு மாதிரியில் சேர்த்தேன். அப்புறம் கூர்முனையால் படலத்தைக் கீறி, அணுவிசை நுண்ணோக்கியில் படியின் உயரம் பார்த்தேன்: 14 நானோமீட்டர். எலிப்சோமீட்டர் சொன்னது 14.6. போதும்.

ஓட்டைக்கு முதலில் தூசியைக் குறை சொன்னேன். கரைசலுக்கு 0.2 மைக்ரான் வடிகட்டி போட்டதும் வால்நட்சத்திரம் போன்ற கோடுகள் மறைந்தன, ஓட்டைகள் மறையவில்லை. ஒவ்வொன்றைச் சுற்றியும் தடித்த விளிம்பு. படலமே பின்வாங்கிச் சுருள்கிறது. கண்ணாடி நிலைமாற்றம், அதாவது பாலிஸ்டைரீன் இறுக்கம் தளர்ந்து நெகிழத் தொடங்கும் வெப்பநிலை, 100 டிகிரி, நான் அடுப்பில் வைத்தது 95 தானே என்று நினைத்தேன். ஆனால் 1994-லேயே கெடி, ஜோன்ஸ், கோரி என்ற ஆய்வாளர்கள் காட்டியபடி, படலம் மெலிந்தால் அந்த வெப்பநிலையும் இறங்கும். இப்போது அடுப்பே இல்லை, அறை வெப்பத்தில் வெற்றிடத்தில் உலர்த்துகிறேன். மூன்று வில்லைகள், ஒரு ஓட்டைகூட இல்லை.