புதுப்பிப்பு: அஸ்கோலி பிச்சேனோ போய் வந்தாச்சு

ரோமிலிருந்து அஸ்கோலி பிச்சேனோ என்ற இத்தாலிய நகரத்துக்குப் போக மூன்று நாள் ஒதுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "ஒரு நாளே அதிகம்" என்றுதான் பலரும் சொன்னீர்கள். எனக்கு மூன்று நாளும் போதவில்லை.

பஸ்ஸில் போனேன், சுமார் மூன்று மணி நேரம். ரயில் என்றால் அட்ரியாடிக் கரைவரை போய்க் கிளைப்பாதையில் திரும்ப வேண்டும், வீண் சுற்று.

பழைய ஊர் முழுக்க டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல்தான். வீடு, கோயில், நடைபாதை எல்லாம் அதே வெளிர் நிறம். பியாட்சா தெல் போபோலோ சதுக்கத்தின் தரை, காலடி பட்டுப் பட்டு வழுவழுப்பாகிவிட்டது. மழை விட்டதும் விளக்கொளி அதில் கண்ணாடி போல விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, 1907இல் திறந்த மெலெத்தி காபிக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காபியில் சோம்பு வாசம் வீசும் அவர்கள் மதுவைக் கொஞ்சம் ஊற்றித் தருகிறார்கள். அப்புறம், சைவமா என்று கேட்டவருக்கு: அந்த ஊரின் பேர்போன பொரித்த ஆலிவ் காயில் கொட்டையை எடுத்துவிட்டுக் கொத்துக்கறிதான் வைக்கிறார்கள். ஏமாந்துவிடாதீர்கள்!

சொலெஸ்தா என்ற ரோமானியர் காலத்துப் பாலம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அஸ்கோலி மாகாணத்தின் மற்ற ஊர்களில் ஒஃபிதா மட்டும்தான் போக முடிந்தது. தலையணை மேல் மரக்குச்சிகளை உருட்டிப் பின்னும் லேஸ் வேலைக்குப் பெயர்போன ஊர். ஊர் ஓரத்துச் செங்கல் தேவாலயம் 1330இல் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை போனது என் தப்பு; திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போனது.

2016 நிலநடுக்கத்தில் நொறுங்கிய, அதே மாகாணத்து அர்குவாதா ஊர்ப் பக்கம் போகவில்லை. வேடிக்கை பார்க்க மனசு வரவில்லை.