வெளியே போகாத பூனைக்கு எந்த வைத்தியம் உண்மையிலேயே தேவை?

மூன்றாம்மாடி:
எங்கள் வீட்டில் சுண்டல் என்று ஒரு கடுவன் குட்டி. ஏழு மாதம், 3.2 கிலோ. மழை நாளில் ஸ்கூட்டருக்கு அடியில் கத்திக்கொண்டிருந்தவனை நானும் தங்கையும் தூக்கி வந்தோம். மடிப்பாக்கத்தில் மூன்றாம் மாடி, பால்கனிக்கு வலை அடித்தாயிற்று. வந்ததிலிருந்து வாசலைத் தாண்டியதில்லை.

போன வாரம் ஒரு கிளினிக்கில் வருட பேக்கேஜ் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மூன்று நோய்க்குச் சேர்த்துப் போடும் தடுப்பூசி, ராபிஸ் ஊசி, லுக்கீமியா ஊசி, மாதாமாதம் குடல் பூச்சி மருந்து, முழு ரத்தப் பரிசோதனை, பல் சுத்தம், கருத்தடை. கூட்டிப் பார்த்தால் என் அரை மாதச் சம்பளம். விட்டுவிட்டு அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தாங்க மாட்டேன். எதை முதலில் செய்வது?

கொல்லைப்புறம்:
வெளியே போகாவிட்டால் ஊசி எதற்கு? எங்கள் ஊரில் எந்தப் பூனைக்கும் போட்டதில்லை.

மூன்றுபூனைவீடு:
தம்பி, இருபது வருடமாகப் பூனை வளர்க்கிறேன். பூனை வெளியே போகாது, சரி. நம் செருப்பு போகிறதே! அந்த மூன்று நோயில் ஒன்று பன்லூகோபீனியா, குட்டிகளை வாரிக்கொண்டு போகும் வைரஸ் நோய். வாந்தி, பேதி, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அந்தக் கிருமி தரையிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆகவே அந்த மூன்று நோய் ஊசியைத் தவணை விடாமல் போடுங்கள், அடுத்த வருடம் ஒரு பூஸ்டர். அதன் பிறகு வீட்டோடு இருக்கும் பூனைக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும் என்பதுதான் உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். இதை உங்கள் டாக்டரிடமே பேசுங்கள். ராபிஸில் மட்டும் யோசிக்கவே வேண்டாம். அந்த நோய் வந்த பிறகு பூனைக்கும் மருந்தில்லை, நமக்கும் இல்லை.

கருத்தடையை இந்த மாதமே செய்துவிடுங்கள். சுவரில் மூத்திரம் அடிக்கப் பழகிவிட்டால் நிறுத்துவது கஷ்டம். வெளியே ஓடப் பார்ப்பதும் குறையும்.

பூனை லுக்கீமியா ஒரு வைரஸ் நோய், நோயுள்ள பூனையோடு நெருங்கிப் பழகினால்தான் பெரும்பாலும் வரும். தெருவில் பிறந்தவன் என்பதால் ஒரு டெஸ்ட் எடுங்கள். நோய் இல்லை, அவன் தனியாகவேதான் இருக்கப் போகிறான் என்றால் அந்த ஊசி பற்றி டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம். பல் சுத்தம் இப்போது எதற்கு? நிலைப்பற்களே இப்போதுதான் முளைத்து முடிந்திருக்கும். ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்துக்கு முன் டாக்டர் கேட்டால் எடுங்கள். வருடாவருடம் கிட்னியைப் பார்ப்பதெல்லாம் எட்டு, பத்து வயதுக்கு மேல்.

மிச்சமாகும் பணத்தைச் செலவழிக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். என் கறுப்பன் ஒரு ராத்திரி முழுக்க மண் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். முக்கினான், ஒரு சொட்டு வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து மறுநாளும் காத்திருந்தேன். தூக்கிக்கொண்டு ஓடியபோது உடம்பு சில்லிட்டுவிட்டது. மூத்திர அடைப்பு. கடுவன்களுக்குக் குழாய் குறுகல், ஒரு நாள் தாண்டினாலே உயிர் போகலாம். மண் தட்டைத் தினமும் பாருங்கள். மூத்திரம் பட்டு எத்தனை மண் கட்டி சேர்கிறது என்று எண்ணுங்கள். அப்புறம், காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

ஒன்று கேட்க மறந்தேன். பல்லி பிடிக்கிறானா?

மூன்றாம்மாடி:
பிடிக்கிறான் அக்கா, வாரத்துக்கு இரண்டு பல்லியாவது. வால் மட்டும்தான் மிஞ்சும். கறுப்பனைப் பற்றிப் படித்ததும் எழுந்து போய் மண் தட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றுபூனைவீடு:
அப்படியானால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பல்லி மூலமாகப் பித்தக்குழாயில் போய்க் குடியேறும் ஒரு தட்டைப்புழு உண்டு. வழக்கமான அளவு பூச்சி மாத்திரை அதற்குப் போதாது. சாப்பாடு குறைந்து கண்ணும் ஈறும் மஞ்சளானால் காத்திருக்காதீர்கள்.

டோக்கன்வரிசை:
செலவு பயமென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். 1903-இல் தொடங்கியது, இப்போது அரசின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். வரிசையில் நாய்கள் நிறைய இருக்கும், கூடைமேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டால் மிரளாது.

மூன்றாம்மாடி:
சனிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். முதல் ஊசியும் டெஸ்ட்டும், கருத்தடைக்குத் தேதியும். தங்கை கூடைக்குள் அவனுடைய பழைய துண்டை இப்போதே விரித்து வைத்துவிட்டாள், சுண்டல் அதில் ஏறித் தூங்குகிறான்.