அலுமினா–சிர்கோனியா கட்டுரை மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பிவிட்டது: எப்படித் திருத்துவது, எங்கே அனுப்புவது?

சூளைமாணவி:

வணக்கம். செராமிக் பொருள்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். 2 மோல் விழுக்காடு இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியாவை (சிர்கோனியம் ஆக்சைடு) அலுமினாவுடன் (அலுமினியம் ஆக்சைடு) 15 விழுக்காடு சேர்த்து, பால் மில்லில் அரைத்து, பெல்லட்டுகளாக அழுத்தி, 1450 முதல் 1600 டிகிரி செல்சியஸ் வரை நான்கு வெப்பநிலைகளில் தலா 2 மணி நேரம் சின்டர் செய்தோம் (உருக்காமல் சுட்டு இறுக்கினோம்). ஆர்க்கிமிடீஸ் முறையில் அளந்த அடர்த்தி, எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை), எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள்), விக்கர்ஸ் கடினத்தன்மை (வைரக் கூர்முனையை அழுத்தி அளப்பது), விக்கர்ஸ் தடத்தின் மூலைகளிலிருந்து ஓடும் விரிசலின் நீளத்தைக் கொண்டு கணக்கிட்ட முறிவுத் தாங்குதிறன் ஆகிய முடிவுகள் கைவசம் உள்ளன. தாங்குதிறன் 1550 டிகிரி வரை ஏறி, 1600இல் இறங்குகிறது. அடர்த்தியும் 1600இல் சற்றே குறைகிறது.

இதை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். புதுமை போதாது என்ற ஒற்றை வரியுடன், மதிப்பீட்டாளர்களுக்குக்கூட அனுப்பாமல் ஆசிரியர் குழுவே திருப்பிவிட்டது. இதற்கிடையில், கட்டணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுவதாகப் பெயர் தெரியாத இதழ்களிலிருந்து மின்னஞ்சல்கள் வந்தவண்ணம் உள்ளன. ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் நெருங்குவதால், அவற்றுள் ஒன்றைப் பார்க்கலாமே என்று நெறியாளர் கருதுகிறார். இந்தக் கட்டுரையைத் திருத்தினால் தேறுமா? தேறும் என்றால் எந்த இதழுக்கு அனுப்பலாம்?

வெண்களி:

தேறும் என்றே நினைக்கிறேன், ஆனால் இப்போதுள்ள வடிவில் அன்று. சிர்கோனியாவின் கட்ட மாற்றத்தால், அதாவது படிக அமைப்பு மாறுவதால், செராமிக் உறுதிப்படுவதைக் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகியோர் 1975இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அலுமினாவுக்குள் சிர்கோனியாவைச் சேர்ப்பது அதன்பின் எத்தனையோ ஆய்வகங்களில் செய்யப்பட்டுவிட்டது. ஆகவே, “சேர்த்தோம், சுட்டோம், அளந்தோம்” என்ற வரிசையில் எழுதப்பட்ட கட்டுரையை எந்த ஆசிரியரும் சுருக்கத்தைப் படித்த மாத்திரத்தில் திருப்பிவிடுவார். உங்கள் கட்டுரைக்கான கேள்வி முதல் பத்தியின் முடிவில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன வாக்கியங்களில் இருக்கிறது: 1600இல் ஏன் இறங்குகிறது?

டெட்ராகோனல் என்ற படிக அமைப்பில் இருக்கும் சிர்கோனியா கிரெய்ன் (நுண்படிகத் துகள்), விரிசல் முனையின் இழுவிசையில் மோனோகிளினிக் என்ற வேறொரு படிக அமைப்புக்கு மாறி, ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு கனஅளவு பெருத்து, விரிசலை நெருக்கி அடைக்கிறது. கிரெய்ன் ஓர் எல்லைக்கு மேல் வளர்ந்துவிட்டால், உலை குளிரும்போதே அது தானாக மாறிவிடும். பிறகு விரிசல் வரும்போது மாறுவதற்கு எதுவும் மிஞ்சாது. டெட்ராகோனலை நிலைநிறுத்தும் இட்ரியா 2 மோல் விழுக்காடுதான் என்பதால் உங்கள் பொருளில் இதற்கான வாய்ப்பு கூடுதல். அடர்த்தி குறைந்ததையும் இது ஓரளவு விளக்கக்கூடும், ஏனெனில் மோனோகிளினிக்கின் அடர்த்தி குறைவு, அத்துடன் நுண்விரிசல்களும் விழும். இதை ஊகமாக எழுதாமல் காட்ட வேண்டும். தாமிர எக்ஸ் கதிரில் எடுத்த எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் 28.2 டிகிரியில் மோனோகிளினிக் பீக்கும், 30.2இல் டெட்ராகோனல் பீக்கும் வரும். நான்கு மாதிரிகளிலும் மெருகேற்றிய பரப்பு, உடைத்த பரப்பு இரண்டிலும் அவற்றை ஒப்பிடுங்கள். உடைத்த பரப்பில் கூடுதலாகத் தெரியும் மோனோகிளினிக்தான் விரிசலோடு மாறிய பங்கு. பெல்லட்டை உரலில் இடித்துப் பொடியாக்கி எக்ஸ்ஆர்டி எடுத்திருந்தால் அந்த வரைபடத்தை மறந்துவிடுங்கள், இடிக்கும் அழுத்தமே கட்டத்தை மாற்றிவிடும்.

இன்னொன்று. 15 விழுக்காடு என்கிறீர்கள், எடையிலா, கனஅளவிலா? அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு அலுமினாவுக்கு 3.99 கிராம், சிர்கோனியாவுக்கு 6.10 கிராம் என்று வைத்தால், கனஅளவில் 15 விழுக்காட்டுக்குக் கோட்பாட்டு அடர்த்தி சுமார் 4.31, எடையில் 15 விழுக்காட்டுக்குச் சுமார் 4.21. அளந்தது 4.22 என்றால் முதல் கணக்கில் அது 98 விழுக்காடு, இரண்டாவதில் 100ஐத் தாண்டிவிடும். நூற்றுக்கு மேற்பட்ட ஒப்பு அடர்த்தியை அட்டவணையில் பார்க்கும் மதிப்பீட்டாளர் அதற்குப் பிறகு எதையும் நம்ப மாட்டார். மில்லில் போட்டவை சிர்கோனியா பந்துகள் என்றால், அவை தேய்ந்து கலந்த சிர்கோனியாவையும், பந்துகளின் எடையை அரைப்பதற்கு முன்னும் பின்னும் பார்த்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மடைமாறி:

இதழ்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு வாரத்தில் வெளியிடும் இதழில் செராமிக் தெரிந்தவர் எவரும் உங்கள் கட்டுரையைப் படிக்கப்போவதில்லை, அது பின்னாளில் உங்கள் தற்குறிப்பில் ஒரு சுமையாகவே இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளில் ஆய்விதழ் வெளியீடு கட்டாயம் என்ற நிபந்தனை இல்லை. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தத்தம் விதிகளை வைத்துக்கொள்கின்றன. ஆகவே முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியை எழுத்தில் பாருங்கள், பல நேரங்களில் அவசரம் நாம் நினைக்கும் அளவுக்கு இருப்பதில்லை.

அமெரிக்கன் செராமிக் சொசைட்டியின் இதழும் ஐரோப்பியச் செராமிக் சங்கத்தின் இதழும் செயல்விளக்கம் தெளிவாக உள்ள கட்டுரைகளை எதிர்பார்ப்பவை. செராமிக்ஸ் இன்டர்நேஷனலின் வாசல் சற்று அகலம், வரத்தும் அதிகம். இந்தியன் செராமிக் சொசைட்டியின் ட்ரான்ஸாக்‌ஷன்ஸ், இந்திய அறிவியல் அகாதமியின் புல்லட்டின் ஆஃப் மெட்டீரியல்ஸ் சயன்ஸ் ஆகிய இரண்டையும் நம் மாணவர்கள் ஏனோ கடைசியில்தான் நினைக்கிறார்கள். சந்தா முறையில் வெளியிடும் வழியைத் தேர்ந்தால் மேற்சொன்னவற்றுள் எதிலும் வெளியீட்டுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. திறந்த அணுக்கம் (எவரும் இலவசமாகப் படிக்கும் முறை) என்ற பொத்தானை அழுத்தினால்தான் செலவு. இதழின் முகவரியை மின்னஞ்சலில் வந்த இணைப்பிலிருந்து திறக்காதீர்கள், பதிப்பகத்தின் தளத்துக்குள் சென்று தேடுங்கள். பெயர் பெற்ற இதழ்களுக்கே போலித் தளங்கள் உலவுகின்றன. ஓரிடத்திலிருந்து முடிவு வரும்வரை மற்றோர் இதழுக்கு அனுப்பவும் கூடாது.

சூளைமாணவி:

இருவருக்கும் நன்றி. 15 விழுக்காடு என்பது கனஅளவில்தான். எக்ஸ்ஆர்டியை மெருகேற்றிய பெல்லட்டின் மீதே எடுத்தோம்; 1600 டிகிரி மாதிரியில் மட்டும் 28.2க்கு அருகில் சிறிய பீக் ஒன்று தெரிகிறது. உடைத்த பரப்பில் இனிமேல்தான் எடுக்க வேண்டும். எங்களிடம் 10 மில்லிமீட்டர் டை (பொடியை அழுத்தும் அச்சு) மட்டுமே இருப்பதால் வளைவுச் சோதனைக்கான பட்டைகளைச் செய்ய வழியில்லை. விக்கர்ஸ் விரிசலில் கணக்கிட்ட தாங்குதிறனை மதிப்பீட்டாளர்கள் ஏற்பார்களா?

கிரெய்ன்எல்லை:

ஏற்பவரும் உண்டு, அதைக் கண்டதும் கட்டுரையை மூடிவைப்பவரும் உண்டு. குவின், பிராட் இருவரும் 2007இல் அமெரிக்கன் செராமிக் சொசைட்டியின் இதழில் இம்முறையையே கைவிட வேண்டும் என்று வாதிட்டார்கள். ஒரே விரிசலுக்கு வெவ்வேறு சூத்திரங்கள் வெவ்வேறு மதிப்புகளைத் தருகின்றன என்பது மறுக்க முடியாத உண்மை. 3, 4, 45 மில்லிமீட்டர் அளவுப் பட்டையில் சவரக்கத்தியும் வைரப் பசையும் கொண்டு கூரிய வெட்டு இட்டு நாற்புள்ளி வளைவில் உடைப்பதே மதிப்பீட்டாளர் கேட்கும் சோதனை. செவ்வக டை செய்துதரும் பட்டறை அருகில் இருந்தால், தகடாக அழுத்திச் சுட்டு, வைரச் சக்கரத்தில் பட்டைகளாக அறுத்துக்கொள்ளலாம். இரண்டு வெப்பநிலைகளுக்கு மட்டும், அதாவது 1550க்கும் 1600க்கும் செய்தால்கூட உங்கள் வாதத்துக்குப் போதும்.

அது இயலாது என்றால், வெண்களி சொன்னதில் ஒரு மாற்றம் செய்வேன். தாங்குதிறனைக் கட்டுரையின் தலைப்பிலிருந்தே எடுத்துவிட்டு, கட்ட மாற்றத்தையும் கிரெய்ன் அளவையும் முன்னிறுத்துங்கள். பெல்லட்டை மெருகேற்றி, சின்டரிங் வெப்பநிலைக்கு 100 டிகிரி கீழே சிறிது நேரம் வைத்துக் கிரெய்ன் எல்லைகளை வெளிக்கொணர்ந்து, பின்சிதறல் எலக்ட்ரான் முறையில் படம் எடுத்தால், அலுமினா கருமையாகவும் சிர்கோனியா வெண்மையாகவும் பிரிந்து தெரியும். எக்ஸ்ஆர்டிக்கான பெல்லட்டைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், இந்தச் சூடே மோனோகிளினிக்கை மீண்டும் டெட்ராகோனலாக மாற்றிவிடக்கூடும். உடைத்த பரப்பின் படத்திலிருந்து கிரெய்ன் அளவைக் கணக்கிட்டால் மதிப்பீட்டாளர் விட மாட்டார். நான்கு வெப்பநிலைகளிலும் சிர்கோனியா கிரெய்ன் அளவு ஒரு வளைவாகவும், மோனோகிளினிக் பங்கு மற்றொன்றாகவும் ஒரே படத்தில் வரட்டும். விக்கர்ஸ் மதிப்புகளை ஒப்பீட்டுக்கு மட்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி, எந்தச் சூத்திரம், எவ்வளவு பளு, எத்தனை தடங்கள், மீள்தன்மைக் குணகம் எங்கிருந்து எடுத்தது என்பவற்றைச் செய்முறைப் பகுதியில் எழுதிவிடுங்கள். ஈரக்காற்றில் விரிசல் மெதுவாக நீளக்கூடியது என்பதால், தடம் இட்ட கையோடு அளந்தீர்களா என்பதையும் அங்கேயே குறிப்பிடுங்கள்.

இந்த வடிவில் முதலில் இந்தியன் செராமிக் சொசைட்டியின் இதழுக்கு அனுப்புவேன். பட்டைச் சோதனையும் சேர்ந்துவிட்டால் ஐரோப்பியச் சங்கத்தின் இதழுக்கே துணிந்து அனுப்பலாம். முகப்புக் கடிதத்தில் ஆய்வின் பெருமைகளை அடுக்க வேண்டாம். 1600இல் ஏன் இறங்குகிறது என்ற கேள்வியும் அதற்கு நீங்கள் கண்ட விடையும் மூன்று வாக்கியங்களில் இருந்தால் ஆசிரியர் மதிப்பீட்டாளரைத் தேடத் தொடங்குவார்.