சிறைப்பட்ட பத்திரிகையாளர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

பாப்பாரப்பட்டி ஆசிரியர்:
எங்கள் ஊர் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். சிறையில் தொழுநோய் வந்தும் வெளியே வந்து ‘ஞானபானு’ பத்திரிகை நடத்தினார் என்பதோடு நிறுத்த மனமில்லை. ஆப்பிரிக்க நாடான எரித்ரியாவின் பத்திரிகையாளர் தாவித் இசாக் பற்றியும் சொல்ல வேண்டும். 2001 செப்டம்பரில் அந்த அரசு தனியார் பத்திரிகைகள் அத்தனையையும் மூடி, அவரையும் வேறு பல பத்திரிகையாளர்களையும் பிடித்துப் போனது. வழக்கு, விசாரணை எதுவும் இல்லை. இத்தனை வருஷம்! நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது. பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்களோ?

ஓசூர் வாசகி:
மாட்டார்கள் சார். மியான்மரையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன் தின் கிராமத்தில் ரோஹிங்கியா என்ற சிறுபான்மை முஸ்லிம்கள் 10 பேர் கொல்லப்பட்டதை விசாரித்த ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், சியாவ் சோ ஊ இருவரையும் 2017 டிசம்பரில் பிடித்தார்கள். ரகசிய ஆவணம் வைத்திருந்தார்கள் என்று குற்றச்சாட்டு; அந்தக் காகிதத்தைக் கையில் திணித்ததே போலீஸ்தான். அது பொறி என்று ஒரு போலீஸ் அதிகாரியே கோர்ட்டில் சாட்சி சொன்னார். அப்படியும் 7 ஆண்டு தண்டனை. உலகம் விடாமல் கேட்டது. 2019 மே மாதம் வெளியே வந்தார்கள்.

அரூர்க்காரன்:
நம் நாட்டையும் விடாதீர்கள். நெருக்கடி நிலையின்போது, 1975 ஜூன் 25 இரவு, டெல்லியில் பத்திரிகை அச்சகங்களுக்குக் கரண்டை நிறுத்தினார்கள். அப்புறம் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கைதானார்.

பாப்பாரப்பட்டி ஆசிரியர்:
சரி, எல்லாவற்றையும் சொல்கிறேன். அரூர் அண்ணா, அந்தக் காலத்துப் பேப்பர் ஏதாவது இருந்தால் வியாழனுக்குள் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.